பெர்னடெட் உடைத்த ஒருசந்தி

அத்தியாயம் 6

"என்ரை அம்மாவை ஆரோ கொஞ்சம் கொஞ்சமாக் கொல்லுகினம், மிஸ். ஆளைப் பிடிச்சுத் தாங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

குருநகர் றொசாந்தி இப்படிச் சொல்லிவிட்டுக் கைப்பையை மேசையில் போட்ட சத்தத்தில், மானிப்பாய்ச் சந்தியில் நின்ற பஸ்கூட ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கும். கீழே சைக்கிள் கடை, மேலே துப்பறிவாளர் அருந்ததியின் அலுவலகம். அலுவலகம் என்றால் ஒரு மேசை, மூன்று கதிரை, சுபாஸ்.

அருந்ததியின் மூக்கைப் பற்றி வலிகாமம் முழுக்கக் கதை உண்டு. காப்புறுதிக் கொம்பனியில் அவர் விசாரணை அதிகாரியாக இருந்த காலத்தில், இடுப்பு முறிந்தது என்று வருடக்கணக்காகக் கட்டிலில் கிடந்த ஒரு பெரிய மனிதரின் வீட்டுக்குப் போனாராம். ஒன்றும் விசாரிக்கவில்லை. வாசலில் நின்று, "ஐயா, உங்கடை மாமரத்தில ஆரோ ஏறுறான்" என்றாராம். அந்த மனிதர் பாய்ந்த பாய்ச்சலில் கட்டிலும் உடைந்தது, வழக்கும் உடைந்தது. பாய்ந்தவர் கீரிமலைக் கேணியில் விழுந்துதான் நின்றார் என்று சுபாஸ் சொல்லுவான். சுபாஸ் சொல்வதில் பாதியைக் கழித்துவிட வேண்டும். அவன் ஓட்டோ ஓட்டுபவன், அருந்ததியின் உதவியாளன், வாய்க்கு பிரேக் இல்லாதவன். அவனுடைய ஓட்டோவுக்கும் அதே குறைதான்.

"வருத்தம் என்ன?" என்றார் அருந்ததி.

"நாள்பட்ட இரத்தப் புற்றுநோய். அதிலயும் ஆபத்துக் கூடின வகை. ஊசி இல்லை, குளிசைதான். முதல்ல இமாற்றினிப் எண்ட குளிசை தந்தவை. கனபேர் அதிலயே வருசக்கணக்கா நல்லா இருக்கினம். அம்மாவுக்கு அது காணேல்லை, வருத்தம் அடங்கேல்லை. பேந்து நிலோற்றினிப் எண்ட கப்சூலுக்கு மாத்தினவை. பிரான்சில இருந்து தம்பி அனுப்புறான். அதை எடுக்கத் தொடங்கின பிறகு அம்மா எழும்பி மீன் விக்கவும் போனவ, மிஸ். சந்தையில சண்டையும் பிடிச்சவ."

"சண்டை பிடிச்சவவெண்டால் முழுச் சுகம்தான்" என்றான் சுபாஸ்.

றொசாந்தி சிரிக்கவில்லை. "தையில இருந்து திரும்பவும் விழுந்திட்டா. இடப்பக்கம் விலாவுக்குக் கீழ மண்ணீரல் கல்லு மாதிரி வீங்கிப்போச்சு. கப்சூலும் கைவிட்டிட்டுதுபோல எண்டு டொக்டர் சொல்லுறார். நாளைக்குக் கிளினிக்கில அதை நிப்பாட்டப் போறாராம். நிப்பாட்டினா அதுக்குப் பிறகு குடுக்க எங்களிட்ட ஒண்டும் இல்லை."

"உனக்கு ஆரில சந்தேகம்?"

"எங்கடை சித்தி மக்டலீன். கொழும்பில இருந்து பாசல் எடுத்துக்கொண்டு வாறது அவதான். அம்மாவோட அவவுக்குக் காணி வளவுச் சண்டை. நல்ல கப்சூலை எடுத்துப்போட்டுக் கள்ளக் கப்சூலை வைக்கிறா."

கைப்பையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. அருந்ததி அதைத் திறக்கவே இல்லை. நசுங்கிய மூலையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கள்ளச் சாமான் செய்யிறவன் பெட்டியைப் பொம்பிளை பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி மினுக்கி வைச்சிருப்பான். நல்ல சாமானுக்குத்தான் இப்பிடி நசுங்கி வரத் துணிவிருக்கு. சித்தியை விடு. அம்மா இதை எப்பிடி எடுக்கிறவ?"

"வெறும் வயித்தில, மிஸ். காலமையும் இரவும். அதுக்கு முன்னுக்கு ரெண்டு மணித்தியாலம், பின்னுக்கு ஒரு மணித்தியாலம் வாயில ஒண்டும் வைக்கக்கூடாது. சாப்பாட்டோட எடுத்தா இதயம் தாறுமாறா அடிக்குமாம்."

"அவ எடுக்கிறதை நீ பாக்கிறனியோ?"

"நான் விடியவே நண்டுக் கொம்பனிக்கு வேலைக்குப் போயிடுவன். அப்பா கடலுக்கு. இரவிலை தன்ரை அறைக்குள்ள கொண்டுபோய் எடுப்பா."

"புதுப் பழக்கம் ஏதும்?"

றொசாந்தி யோசித்தாள். "ஒண்டும் இல்லை. கிளினிக் முடிஞ்ச கையோட காங்கேசன்துறைக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வாறவ, அவ்வளவுதான்."

சுபாஸ் கதிரையிலிருந்து எழுந்தே விட்டான். "மீன் விக்கிற குருநகர் மனிசி, காங்கேசன்துறை வரைக்கும் போய் மீனோ? அச்சுவேலிக்காரன் வெங்காயம் வாங்கக் குருநகருக்கு வந்த கதையா எல்லோ இருக்கு!"

அருந்ததியின் மூக்கு இலேசாக அசைந்தது. அது அசைந்தால் யாழ்ப்பாணத்தில் எங்கோ ஒரு பொய்க்கு வியர்க்கும் என்பது சுபாஸின் கணக்கு.

*

குருநகர் ஒழுங்கைக்குள் ஓட்டோ இருமிக்கொண்டு நுழைந்தபோது குசினிகள் எல்லாம் அமைதியாக இருந்தன. தவக்காலம். வளர்ந்தவர்கள் எல்லாம் ஒருசந்தி. மத்தியானம் ஒருநேரச் சாப்பாடு, அதுவரை வாயில் செபமும் தேத்தண்ணியும் மட்டும்.

றொசாந்தியின் தாய் பெர்னடெட் வீட்டுக் குசினியில் மட்டும் புகை.

கருவாடு கேட்டு வந்தவர்களாக அருந்ததியும் சுபாஸும் முற்றத்தில் நின்றார்கள். பெர்னடெட் முகம் வெளிறி, கை குச்சியாகி, வயிற்றின் இடதுபக்கத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு இருந்தார். மடியில் ஒரு கோப்பை. கோப்பையில் புட்டு. அது புட்டு அல்ல, ஒரு மலை. உச்சியில் நின்றால் மண்டைதீவு தெரியும்.

"கருவாடு முடிஞ்சுது பிள்ளையள். வந்தனீங்கள், இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோவன்."

சுபாஸ் அந்த வாக்கியம் முடியும் முன்பே இருந்துவிட்டான். "என்ன அன்ரி, ஒழுங்கை முழுக்க ஒருசந்தி, நீங்கள் மட்டும் கலியாண வீடு வைச்சிருக்கிறியள்?"

"வருத்தக்காரருக்குச் சாமியார் விலக்குத் தருவார் மோனை" என்று சொன்ன பெர்னடெட் ஒரு பிடியை வாயில் வைத்தார். விழுங்க முடியவில்லை. கண்ணில் நீர் வந்தது. சொதியை ஊற்றித் தள்ளினார். மறுபடி ஒரு பிடி. பசியோடு சாப்பிடுகிறவரின் வாய் அது இல்லை. கூலிக்குக் கல் சுமக்கிறவரைப் போலச் சாப்பிட்டார். கடைசியில் செம்பு நிறையத் தண்ணீர் எடுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பி, எதையோ வாயில் போட்டு, முழுச் செம்பையும் குடித்து முடித்தார்.

ஒழுங்கை முனைக்கு வந்ததும் அருந்ததி போனை எடுத்தார்.

"றொசாந்தி, போன வருசத் தவக்காலத்தில அம்மா ஒருசந்தி இருந்தவவோ?"

"இருந்தவவோ எண்டு கேக்கிறியள்! அப்பவும் வருத்தம்தானே. சாமியாரே வீட்டை வந்து கெஞ்சினவர், விடேல்லை. இந்தக் கப்சூல் தவக்காலத்துக்கெண்டே செய்தது எண்டு சொல்லிச் சிரிப்பா."

"பழைய குளிசையை, அந்த இமாற்றினிப்பை, எப்பிடி எடுக்கிறது?"

"அதோ? அது நல்லாச் சாப்பிட்டிட்டு, பெரிய செம்புத் தண்ணியோட எடுக்கவேணும். இல்லாட்டிக் குமட்டும். ஏன் மிஸ்?"

"பேந்து சொல்லுறன்."

சுபாஸ் வயிறு நிறைந்த ஏவறை விட்டான். "அக்கா, புட்டில துப்புக் கிடைச்சுதோ? எனக்குத் தேங்காய்ப்பூதான் கிடைச்சுது."

"சாமியார் கெஞ்சியும் ஒருசந்தியை விடாத மனிசி, இறங்காத புட்டை அழுதழுது விழுங்குது. ஏன்? சாப்பிட்டே ஆகவேணும் எண்டு ஒண்டு கட்டாயப்படுத்துது. கப்சூல் சாப்பிடாதே எண்டு சொல்லும். சாப்பிடு எண்டு சொல்லுறது பழைய குளிசை."

சுபாஸின் கை சாவியில் நின்றது. "அப்ப அவ விழுங்கினது..."

"தனக்குக் காணாது எண்டு டொக்டர் எப்பவோ நிப்பாட்டின குளிசையை. கப்சூல் தோக்கேல்லை, சுபாஸ். அது இந்த மனிசியின்ரை வயித்துக்கே போகேல்லை. நாளைக்கு டொக்டர் அதைத் தோத்த மருந்தெண்டு நிப்பாட்டினால், நல்லா வேலை செய்யிற மருந்தைப் பறிச்சுப்போட்டுச் சாக விடுறமாதிரி. மீன் வாங்கிற சாட்டில அந்தக் கப்சூல் ஆரிட்டைப் போகுதெண்டு பாப்பம். ஓட்டோவைத் திருப்பு. காங்கேசன்துறைக்கு."

*

காங்கேசன்துறையில் கப்பல் வராத நாள். காற்று மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. கரையில் வலை உலர்த்தியவர்களுக்கும் மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் நடுவில் அருந்ததி போய் நின்று கேட்ட கேள்வியைக் கேட்டுச் சுபாஸ் தலையில் கை வைத்தான்.

"அம்மா, உங்கடை பக்கம் ஆரும் அளவுக்கு மிஞ்சி விரதம் பிடிக்கிற பிள்ளை இருக்கோ?"

"அக்கா, கள்ளனைத் தேடி வந்து பக்தரைத் தேடுறியள்!" என்று காதுக்குள் முணுமுணுத்தான்.

"கப்சூல் எடுக்கிறவள் காலமையும் இரவும் பட்டினி கிடக்கவேணும். அதைக் களவா வாங்கிறவள் வருத்தத்தையும் வீட்டில மறைப்பாள். அப்ப அந்தப் பட்டினிக்கு என்ன பேர் வைப்பாள்?"

பதில் மீன்கூடைக்குப் பின்னாலிருந்து வந்தது. பாலேஸ்வரி என்ற அந்த அம்மா பாரைமீன் ஒன்றை உயர்த்தியபடியே பெருமைப்பட்டார்.

"ஏன் கேக்கிறியள், என்ரை மருமகள் நிவேதனா இருக்கிறாளே! கந்தசட்டியும் இல்லை, கௌரி காப்பும் இல்லை, பஞ்சாங்கத்தில இல்லாத விரதமெல்லாம் பிடிக்கிறாள். கிழமையில ஏழு நாளும். என்ரை மகன் கஜீவன் கடலால பத்திரமா வரவேணுமெண்டு. இந்தக் காலத்தில எந்தப் பெட்டைக்கு இப்பிடிப் பக்தி? கொஞ்சம் இரத்தம் குறைவு, மற்றப்படி தங்கம்."

சுபாஸ் வாயைத் திறந்தான். ஒரு பகிடி வெளியே வரும் வழியில் இருந்தது. அருந்ததியின் முகத்தைப் பார்த்து அதைத் திரும்ப விழுங்கினான்.

*

பாலேஸ்வரி கரையில் மீனோடு நிற்க, இருவரும் அவருடைய வீட்டுக்குப் போனார்கள். நிவேதனாவுக்கு முப்பது வயது இருக்காது. பாயில் அவளுடைய மூன்று வயது மகள் கையில் ஒரு சிப்பியோடு நித்திரை. பெர்னடெட்டின் பெயரைச் சொன்னதும் அவள் முகம் விளக்கேற்றியது போல ஆனது.

"அன்ரி சுகமா இருக்கிறாவோ? கிளினிக்கில காத்திருக்கிற வாங்கிலதான் பழக்கம். பிள்ளையைத் தூக்கி வைச்சிருப்பா. எனக்கும் அதே வருத்தம், அதே ஆபத்துக் கூடின வகை. அந்த இமாற்றினிப் எனக்குச் சரிவரேல்லை. தையில அன்ரி சொன்னவ, 'பிள்ளை, டொக்டர் என்னைத் திரும்பப் பழைய குளிசைக்கே மாத்திப்போட்டார். மகன் அனுப்பிற கப்சூல் வீட்டில சும்மா கிடக்குது. நீ அதை எடு, உன்ரை குளிசையை எனக்குத் தா' எண்டு. ஒவ்வொரு கிளினிக்குக்கும் பிறகு இஞ்சையே கொண்டுவந்து தருவா. போகேக்க மாமியிட்ட ஒரு மீனும் வாங்கிக்கொண்டு போவா."

"டொக்டரிட்டைக் கேட்டனியோ?"

"அன்ரி சொன்னாவெண்டால்..." அவள் குரல் தளர்ந்தது. "ஏன்? அன்ரிக்கு என்ன?"

"நிவேதனா, அவவை ஒரு டொக்டரும் மாத்தேல்லை."

அருந்ததி இத்தனை வருடத்தில் எத்தனையோ கள்ளர்களின் முகம் வெளிறுவதைப் பார்த்து இரசித்தவர். இந்த முகம் வெளிறியபோது அவர் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டார். மண்ணீரல், புட்டு, நாளைய கிளினிக் எல்லாவற்றையும் தரையைப் பார்த்தே சொல்லி முடித்தார்.

நிவேதனா அழவில்லை. எழுந்துபோய் அலுமாரியைத் திறந்தாள். துணிகளுக்கு அடியிலிருந்து கப்சூல் அட்டைகளை எடுத்து வந்து தரையில் வைத்தாள். பாதிக்கு மேல் தொடப்படாமல் இருந்தன.

"இதை நான் ரெண்டு கிழமையா எடுக்கேல்லை அக்கா."

"ஏன்?"

"கொழும்புக்கு அனுப்பின இரத்தத்துக்கு மறுமொழி வந்தது. மருந்து ஒரு திறப்பு மாதிரியாம், என்ரை நோய் தன்ரை பூட்டை மாத்திப்போட்டுதாம். பழைய குளிசையும் திறக்காதாம், இந்தக் கப்சூலும் திறக்காதாம். இனி வேகமா ஓடப் போகுதாம். மூண்டாவது மருந்தொண்டு இருக்காம், கிடைச்சால் பாப்பமாம்."

"இதை ஏன் பெர்னடெட்டிட்டைச் சொல்லேல்லை?"

"அண்டைக்குக் கிளினிக் வாங்கில என்னைக் கண்ட உடனை, 'முகம் தெளிஞ்சிட்டுதடி, உனக்கு மருந்து பிடிச்சிட்டுது' எண்டு என்ரை கன்னத்தைக் கிள்ளினா. அந்தச் சந்தோசத்தை என்னெண்டு அக்கா உடைக்கிறது? அவவுக்குத் தேவையில்லாத மருந்து தானே, கிடக்கட்டும் எண்டு ஒளிச்சு வைச்சன். மாமிக்குச் சந்தேகம் வராமல் இருக்க விரதத்தையும் விடேல்லை."

அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கு சரிந்தது. மறுபடி அடுக்கினாள்.

"அலுமாரிக்குள்ள கிடந்தது அன்ரியின்ரை உயிர் எண்டு எனக்குத் தெரியாது."

வாசலில் நின்ற சுபாஸ் திரும்பிக் கடலைப் பார்த்தான்.

*

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கிளினிக் தொடங்குமுன்பே அருந்ததியும் றொசாந்தியும் டொக்டரின் அறைக்குள் போய் வந்தார்கள். அவர் முதலில் கோபப்பட்டார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு பெர்னடெட்டை உள்ளே அழைத்து இதயத்தைச் சோதித்தார். காலையில் சாப்பிடவேண்டாம் என்று றொசாந்தி தடுத்து வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

"இதயம் பரவாயில்லை. பழையதை இண்டையோட விடுங்கோ. கப்சூலைத் திரும்பத் தொடங்குவம். போன காலத்துக்கு நான் பொறுப்புச் சொல்லேலாது. ஆனால் சுகப்பட இடமிருக்கு."

பெர்னடெட் வெளி வாங்கில் வந்து இருந்தார். றொசாந்தி கைப்பையிலிருந்து கப்சூல் பெட்டியை எடுத்து வைத்துத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தாள்.

"எனக்கு வேண்டாம்" என்றார் பெர்னடெட்.

"அம்மா!"

"அது அவளின்ரை. அவளுக்கு மூண்டு வயசுப் பிள்ளை. எனக்கு முப்பது வயசுப் பிள்ளை. எந்தப் பிள்ளைக்குத் தாய் வேணுமெண்டு நீயே சொல்லு."

"எனக்கு வேணும்" என்றாள் றொசாந்தி. "முப்பது வயசெண்டால்? எனக்கும் வேணும்."

பெர்னடெட் மகளைப் பார்க்கவில்லை. அருந்ததியைப் பார்த்தார். "கருவாடு வாங்க வந்தனீங்கள் எண்டு நம்பினன். அந்தப் பெடியன் சாப்பிட்ட சாப்பாட்டைப் பாத்து நம்பினன். அவளிட்டையிருந்து பறிச்சுப்போட்டியளோ?"

சுபாஸ் படிக்கட்டுப்பக்கம் பார்த்து, "அக்கா" என்று மட்டும் சொன்னான்.

நிவேதனா வந்துகொண்டிருந்தாள். தனியாக. நேரே வந்து பெர்னடெட்டின் காலடியில் உட்கார்ந்து, கப்சூல் அட்டைகளை அவர் மடியில் வைத்தாள்.

"எனக்கு இந்த மருந்து பிடிக்கேல்லை அன்ரி. பூட்டு வேறயாம். இது திறக்காதாம்."

பெர்னடெட் அட்டைகளைத் தொடவில்லை. அவளுடைய கன்னத்தைத் தொட்டார். போன முறை கிள்ளிய அதே இடத்தை விரலால் மெல்லத் தேய்த்தார், அழுக்குத் துடைப்பது போல.

"எப்ப தெரியும்?"

"போன கிளினிக்கில."

"அண்டைக்கு நான் தெளிஞ்சிட்டுது எண்டு சொன்னன்."

"ஓம்."

"நீ சிரிச்சனி."

"நீங்கள் சிரிச்சனீங்கள் அன்ரி. அதாலதான்."

றொசாந்தி, தான் பிடித்துத் தரச்சொன்ன ஆளின் முன்னால் தண்ணீர்ப் போத்தலோடு நின்றாள். போத்தலை நிவேதனாவின் கையில் கொடுத்தாள்.

நிவேதனா அட்டையை உடைத்துக் கப்சூலை எடுத்தாள். பெர்னடெட்டின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

"எனக்கு முன்னால விழுங்குங்கோ."

"என்னால ஏலாது மோனை."

"விழுங்குங்கோ அன்ரி. இது ஆரிலையெண்டாலும் வேலை செய்யிறதை நான் பாக்கவேணும்."

பெர்னடெட் கண்ணை மூடி வாயில் போட்டார். நிவேதனா போத்தலை உயர்த்திப் பிடித்தாள். தண்ணீர் பாதி உள்ளே போனது, பாதி சட்டையில் சிந்தியது. அந்தத் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை.

உள்ளேயிருந்து தாதி நிவேதனாவின் பெயரைக் கூப்பிட்டார். அவள் எழுந்தாள். பெர்னடெட்டும், வீங்கிய வயிற்றை ஒரு கையால் தாங்கி, அவள் கையை மறு கையால் பிடித்தபடி எழுந்தார்.

"ஒராள்தான் வரலாம்" என்றார் தாதி.

"தெரியும் பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே பெர்னடெட் அவளோடு உள்ளே போனார்.